எஃப்8-ல் ஒரு படம் எடுத்துப் பார்த்திருக்கலாம்

திருமங்கலத்தில் எனக்குச் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. பாஸ்போர்ட் சைஸ் படம், லேமினேஷன், ஜெராக்ஸ், முகூர்த்த மாதங்களில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு. போன வருடம் பங்குனிக் கடைசியில் 24-105 எஃப்4 லென்ஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் 19,500 ரூபாய்க்கு வாங்கினேன். 24-105 என்பது ஜூம்: 24-ல் காட்சி அகலமாக வரும், 105-ல் கிட்டத்தில் வரும். எஃப் எண் லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கிறது என்பது: எண் சின்னதானால் திறப்பு பெரிது, இந்த லென்ஸில் எஃப்4-தான் முழுத் திறப்பு. மதுரையில் ஒரு கடையில் இதே லென்ஸ் 27,000, மூன்று மாத வாரண்டியோடு வைத்திருந்தார்கள். 7,500 மிச்சம் என்று சந்தோஷமாக பைக்கில் வீட்டுக்கு வந்தேன். அந்த லென்ஸ் கடைசியில் எனக்கு 31,300 ரூபாயில் வந்து நின்றது. ஒரு குடும்பத்தின் முகத்தில் விழிக்க முடியாத சங்கடம் தனி. வாங்கும் முன் யாராவது ஒருத்தர் என்னை உட்கார வைத்து நாலு விஷயம் சொல்லியிருக்கலாமே என்று அந்த ஆறு மாதமும் நினைத்துக்கொண்டே இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

விற்றவர் ஆரப்பாளையம் பக்கம். மிரர்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத புது வகைக் கேமராவுக்கு, மாறிவிட்டதால் பழைய டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்களை எல்லாம் கழித்துவிடுகிறேன் என்றார். அது நம்பும்படியான காரணம்தான், இப்போது நிறையப் பேர் அப்படித்தான் விற்கிறார்கள், விலையும் அதனால்தான் இறங்கிக் கிடக்கிறது. நான் ஸ்டுடியோவைச் சாத்திவிட்டுப் போய்ச் சேரும்போது மணி ஏழரை. ஹாலில் ஒரே ஒரு டியூப் லைட். காபி கொடுத்தார்கள். லென்ஸைப் பார்த்ததும் முதலில் கண்ணில் பட்டது ஃபில்டர் மாட்டும் வளையத்தில் இருந்த நசுங்கல். சுண்டு விரல் நகம் அளவுக்கு உள்வாங்கியிருந்தது. கேட்டேன். “ஃபில்டர் இறுகிப்போச்சு தம்பி, கழட்டும்போது லேசா நசுங்கிருச்சு” என்றார். என்னிடம் இருந்த 77 மி.மீ. ஃபில்டரைப் போட்டுப் பார்த்தேன், அரைச் சுற்றுக்கு மேல் ஏறவில்லை.

அந்த நசுங்கலைப் பிடித்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. ஒரு குறை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், குறையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிம்மதி வந்துவிடுகிறது. அப்புறம் போன் டார்ச்சைப் போட்டு முக்கால் மணி நேரம் கண்ணாடியைத் துருவினேன். உள்ளே ஐந்தாறு தூசி. முன் கண்ணாடியில் தலைமுடி கனத்தில் ஒரு கீறல். ஒவ்வொன்றையும் காட்டிக் காட்டி 24,000-லிருந்து 19,500-க்கு இறக்கினேன். பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு. உண்மையில் அந்தத் தூசியும் கீறலும் படத்தில் வரவே வராது. முன் கண்ணாடி ஃபோகஸ் ஆகும் இடத்திலிருந்து அவ்வளவு விலகி இருப்பதால் அதிலுள்ள சின்னக் கீறல் கரைந்து காணாமல் போய்விடும். வெயில் நேராக லென்ஸுக்குள் அடித்தால் கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான். பின் கண்ணாடியில், அதாவது கேமரா பாடிக்குள் போகும் பக்கத்தில் கீறல் இருந்தால் அது வேறு விஷயம், அது படத்தில் தெரியும். நான் பின்பக்கத்தை ஐந்து நொடிகூடப் பார்க்கவில்லை. அங்கே ஒன்றும் இல்லை என்பது என் அதிர்ஷ்டம்.

கண்ணாடியில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. தூசி புள்ளியாக இருக்கும். ஃபங்கஸ் நூல் நூலாக, சின்னச் செடியின் வேர் மாதிரி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கிளைவிட்டுப் போகும். டார்ச்சை நேராக அடித்தால் இரண்டுமே சரியாகத் தெரியாது. லென்ஸின் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பார்க்க வேண்டும். புகை படிந்த மாதிரி ஒரே சீராக மங்கல் தெரிந்தால் அது வேறு நோய், அதுவும் வேண்டாம். தூசி இருந்த இடத்தில் இருக்கும், ஃபங்கஸ் வளரும். துடைத்து எடுத்தாலும் அது கண்ணாடி மேல் பூசிய கோட்டிங்கை அரித்த தடம் அப்படியே நிற்கும்.

டெஸ்ட் பண்ணாமல் வாங்கவில்லை. அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை எடுத்தேன். டியூப் லைட் வெளிச்சத்துக்கு எஃப்4-லேயே ஐ.எஸ்.ஓ. (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) 1600 தேவைப்பட்டது. பெரிதாக்கிப் பார்த்தால் ராகுகாலம், எமகண்டம் என்ற பொடி எழுத்துகூடத் துல்லியமாக இருந்தது. ஜூம் சுற்றினேன், சுற்றியது. ஃபோகஸ் சத்தமில்லாமல் பிடித்தது. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசரைப் போட்டு ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் உள்ளே மெல்லிய இரைச்சல், வ்யூஃபைண்டரில் காட்சி சட்டென்று அமைதியாகிறது. நாற்பது படம் எடுத்திருப்பேன். நாற்பதும் எஃப்4. பணத்தை ஜி.பே.யில் அனுப்பிவிட்டு எழுந்தேன்.

சித்திரைத் திருவிழாவில் லென்ஸ் ராஜாவாட்டம் வேலை செய்தது. தல்லாகுளத்தில் இரவுக் கூட்டம், சர்க்கரைத் தீபம் ஏந்திய பெண்கள், தண்ணீர் பீய்ச்சும் தோல்பையோடு சலங்கை கட்டி ஆடிய பையன்கள், விடியற்காலை அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்கியது வரை எடுத்தேன். எல்லாம் இருட்டிலும் அரை இருட்டிலும். லென்ஸின் வாயை முழுசாகத் திறந்து வைத்தே எடுத்தேன் என்பது அப்போது மனதில் பதியவே இல்லை. வெயில் ஏறியதும் கூட்டத்துக்குப் பயந்து கிளம்பிவிட்டேன். இன்னும் அரை மணி நேரம் நின்றிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

வைகாசியில் அழகர்கோவிலில் ஒரு காதுகுத்து. எங்கள் தெருக்காரர்கள், தாயும் பிள்ளையுமாகப் பழகியவர்கள். பத்து மணி வெயில். மரத்தடியில் மொட்டை போட்டு முடித்து, சந்தனம் தடவி, பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். சுற்றி முப்பது பேர். எல்லாரும் ஃபோகஸில் வர வேண்டும் என்று எஃப்8 வைத்து, 24-க்கு ஜூமைச் சுற்றி அழுத்தினேன். கேமரா அப்படியே நின்றுவிட்டது. லென்ஸுக்கும் கேமராவுக்கும் தொடர்பு சரியில்லை, காண்டாக்டைத் துடைக்கவும் என்று திரையில் எழுத்து. ஆஃப் செய்து ஆன் செய்தேன். அழுத்தினேன். திரும்ப அதே. லென்ஸைக் கழற்றிச் சட்டைத் துணியால் துடைத்தேன். பேட்டரியை மாற்றினேன். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஆசாரி கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். “அண்ணே, எடுத்தாச்சா?” என்று பிள்ளையின் அம்மா கேட்கிறது. கம்பி ஏறி, பிள்ளை வீறிட்டு அழுது, தாய்மாமன் கண்ணில் தண்ணீர் வந்து, எல்லாரும் சிரித்து முடித்தபோது நான் பையைத் துழாவி 50 மி.மீ. லென்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன். இடது காது குத்தியதற்கு என்னிடம் படம் இல்லை. வலது காதுக்கு நாலு படம் இருக்கிறது, அதில் பாதிப் பேர் தலை வெட்டுப்பட்டிருக்கிறது.

அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது நடு விசேஷத்தில் இப்படி ஆனால் உதவும். எஃப் எண்ணை லென்ஸின் மிகச் சின்ன எண்ணுக்கு, இந்த லென்ஸில் எஃப்4-க்கு, வைத்துவிட்டு எடுங்கள். பெரும்பாலும் எடுக்கும். வெயிலாக இருந்தால் ஷட்டர் வேகத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். குரூப்பில் பின்வரிசை கொஞ்சம் மங்கும், பரவாயில்லை. படம் இல்லாததற்கு மங்கல் எவ்வளவோ மேல்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் மாடியில் உட்கார்ந்து லென்ஸ் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் தன் பாடியில் மாட்டி, எஃப்11 வைத்து, 24-ல் ஒன்று, 105-ல் ஒன்று அழுத்திப் பார்த்துவிட்டார். 105-ல் எடுத்தது, 24-ல் நின்றது. “அப்பர்ச்சர் ஃப்ளெக்ஸ் கேபிள் போயிருக்குண்ணே. எஃப்4-ல மட்டும் எடுத்துப் பாத்து வாங்கிட்டீங்களா?” என்றார். பத்து நொடி. நான் முக்கால் மணி நேரம் டார்ச் அடித்தேன்.

அவர் விளக்கியது இதுதான். நாம் வ்யூஃபைண்டரில் பார்க்கும்போது, ஃபோகஸ் பிடிக்கும்போது எல்லாம் லென்ஸின் இதழ்கள் முழுசாகத் திறந்தே இருக்கும், நாம் எஃப்8 வைத்தாலும் எஃப்16 வைத்தாலும். ஷட்டர் அடிக்கும் கணத்தில்தான் இதழ்கள் சுருங்கி, படம் பதிந்ததும் திரும்ப விரியும். எஃப்4 லென்ஸில் எஃப்4 வைத்தால் சுருங்க வேண்டிய வேலையே கிடையாது. அதனால் அந்தப் பகுதி செத்துக் கிடந்தாலும் தெரியாது. இதழ்களை இயக்கும் குட்டி மோட்டாருக்குக் கரண்டு கொண்டுபோவது காகிதம் மாதிரி மெல்லிய ஒரு பட்டை கேபிள். ஜூம் சுற்றும்போதெல்லாம் அது மடங்கி விரிகிறது. வருடக்கணக்கில் மடங்கி மடங்கி ஓரிடத்தில் விரிசல் விடும். ஒரு பக்க ஜூமில் விரிசல் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும், இன்னொரு பக்கம் பிரிந்துவிடும்.

கேபிள் சென்னையிலிருந்து வர மூன்று வாரம் ஆனது. கூலியோடு 5,800. இடையில் மூன்று விசேஷத்துக்கு இதே மாதிரி வேறொரு லென்ஸை வாடகைக்கு எடுத்தேன், நாளுக்கு 600. காதுகுத்து வீட்டுக்கு 3,000 குறைத்துக்கொண்டேன். அவர்கள் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள், எனக்கு மனசு கேட்கவில்லை.

லென்ஸ் திரும்பி வந்ததும் இந்த முறை ஒழுங்காகப் பார்ப்போம் என்று ஒத்தக்கடையில் சித்தப்பா வீட்டு மொட்டை மாடிக்குப் போனேன். அங்கிருந்து யானைமலை முழுசாகத் தெரியும். மலையை 24-ல் சட்டத்தின் நடுவில் குறுக்காக வைத்து எஃப்4, எஃப்5.6, எஃப்8 என்று எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், இடது பக்கம் பாறையின் கோடு கோடாக இருக்கிற தடம் எல்லாம் எண்ணலாம் போலிருக்கிறது, வலது பக்கம் தும்பிக்கைப் பகுதி வெண்ணெய் தடவிய மாதிரி வழவழவென்று இருக்கிறது. கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுத்தேன். இப்போது படத்தைத் திருப்பிப் பார்த்தால் மங்கல் மலையின் மறுபக்கத்துக்கு மாறியிருந்தது. அப்படியென்றால் வெயில் புழுதியோ கானலோ காரணம் கிடையாது, லென்ஸுக்குள்ளேயே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. ஃபில்டர் வளையத்து நசுங்கல் ஃபில்டரைக் கழற்றியதால் வந்தது என்று இன்னும் நான் நம்பிக்கொண்டிருந்தது அந்த மாடியில்தான் முடிந்தது. லென்ஸ் முகங்குப்புற எங்கேயோ விழுந்திருக்கிறது. திரும்ப மாடிக்கடை, திரும்ப 1,200. இப்போது முக்கால்வாசி சரி. முழுசாகச் சரி இல்லை.

மலை இல்லாத ஊரில் இருப்பவர்களுக்குச் செங்கல் சுவர் போதும், டைல்ஸ் ஒட்டிய சுவர் இன்னும் நல்லது. கேமராவைச் சுவருக்கு நேராக, சாயாமல் வைத்து எடுத்து நாலு மூலையையும் ஒப்பிட வேண்டும். நாலு மூலையும் ஒரே அளவு மங்கினால் அது அந்த லென்ஸின் குணம், விட்டுவிடலாம். ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் மங்கினால் விழுந்த லென்ஸ் என்று சந்தேகப்படுங்கள்.

விற்றவருக்குப் போன் செய்தேனா என்றால், செய்தேன். சண்டை போடத்தான் செய்தேன். “தம்பி, நான் ரிசப்ஷன் மட்டுந்தான் எடுக்கிறது, எப்பவும் எஃப்4லதான் இருக்கும், எனக்கு ஒரு நாளும் எர்ரர் வந்ததில்லையே” என்றார். அதில் எவ்வளவு உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. உண்மையாகவும் இருக்கலாம், என் கையிலேயே அது சித்திரைத் திருவிழா முழுக்க ஓடியதே. ஆனால் நசுங்கலைப் பற்றிச் சொன்னது பொய்தான். பணம் எதுவும் திரும்பவில்லை. எழுத்தில் எதுவும் வாங்காமல், “ஒரு வாரத்துக்குள்ள ஏதாச்சும்னா எடுத்துக்கிறேன்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட வாங்காமல் வந்தவன் நான். யாரைச் சொல்ல?

அதற்கப்புறம் மூன்று லென்ஸ் பார்த்தாகிவிட்டது. கொடைக்கானலில் இருந்த ஒரு ஹோம்ஸ்டே காரருடைய 100 மி.மீ. மேக்ரோ (பொடிப் பொருள்களைக் கிட்டத்தில் எடுக்கும் லென்ஸ்), டப்பா, பில், உறை எல்லாம் புதுசு போல. பத்து வருடமாகத் தோல் உறையோடு பீரோவுக்குள் துணிகளுக்கிடையில் இருந்தது என்று அவரே பெருமையாகச் சொன்னார். அந்த ஊர் ஈரத்தில், காற்றோட்டமில்லாத பீரோவில், தோல் உறைக்குள் என்றால் ஃபங்கஸுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி. டார்ச் அடித்தேன், நடுக் கண்ணாடியில் வேர் ஓடியிருந்தது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். லென்ஸ் எந்த ஊரில், எதற்குள் இருந்தது என்று கேட்பது விலையைக் கேட்பதைவிட முக்கியம். நம் வீட்டிலும் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரையும் வைத்து 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மாவுத் தூள் ஜூம் இடுக்கில் போனால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போல.

இரண்டாவது ஒரு 24-70. பின்பக்க மவுண்ட்டில், அதாவது கேமராவோடு மாட்டும் வளையத்தில், உள்ள நாலு ஸ்க்ரூவில் இரண்டின் தலை தேய்ந்திருந்தது. ஜப்பான் லென்ஸ்களில் வரும் ஸ்க்ரூவின் கூட்டல் குறிப் பள்ளம் நம்மூர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், திருகினால் நழுவித் தலையைச் சிராய்த்துவிடும். அப்படிச் சிராய்ப்பு இருந்தால் சரியான கருவி இல்லாத ஒருவர் அதைத் திறந்திருக்கிறார் என்று அர்த்தம். “சர்வீஸே பண்ணினதில்லைங்க” என்றார் விற்றவர். நானும் ஒன்றும் சொல்லவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

குறை இருக்கிற லென்ஸ் என்றாலே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. விலை சரியாக இருந்தால் வாங்கலாம். நான் இப்போது போடுகிற கணக்கு இவ்வளவுதான்: வாரண்டியோடு கடையில் என்ன விலை, அதிலிருந்து பழுதுக் கூலியைக் கழி, பழுது பார்க்கிற நாட்களுக்கான வாடகையைக் கழி, என் அலைச்சலுக்கு ஒரு 2,000 கழி. மிச்சம்தான் நான் கொடுக்கிற விலை. பழுதுக் கூலியை நாமாக ஊகிக்கக்கூடாது, போவதற்கு முன்பே மெக்கானிக்குக்குப் போன் போட்டு, இந்த மாடலுக்குப் பார்ட் இன்னும் கிடைக்கிறதா என்றும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும். பழைய மாடல்களுக்குக் கம்பெனிகள் ஒரு கட்டத்தில் பார்ட் அனுப்புவதை நிறுத்திவிடுகின்றன. பார்ட் இல்லாத லென்ஸுக்கு எந்த விலையும் அதிகம்தான். விற்பவர் ஒத்துக்கொண்டால் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுத்தில் பேசிக்கொள்வது எல்லாவற்றையும்விட நல்லது. ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் கிளம்பிவிடுவேன். இன்னொன்று, போவதென்றால் பகலில் போங்கள்.

மூன்றாவது லென்ஸ் போன மாதம், உசிலம்பட்டியில் ஒரு 70-200 எஃப்4. முன் கண்ணாடியில் அரை அங்குலத்துக்கு நல்ல கீறல், கையால் தடவினால் நகம் மாட்டும். ஏழெட்டுப் பேர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போயிருக்கிறார்கள். காலை பதினொரு மணிக்குப் போனேன். ஜூமின் இரண்டு முனையிலும் நடுவிலும், எஃப்8, எஃப்11, எஃப்16, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக அடுத்த வீட்டுக் காரை பெயர்ந்த செங்கல் சுவரை எடுக்க ஆரம்பித்தேன். பாடியில் லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டிப் பொத்தானை அழுத்திப் பிடித்து, முன்பக்கம் வழியாக இதழ்கள் சுருங்குகின்றனவா, அதில் எண்ணெய்ப் பிசுக்கு மினுங்குகிறதா என்று பார்த்தேன். விற்கிற பையனுடைய அப்பா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் தம்பி, லென்சுல கீறல் விழுந்துருக்குன்னு வந்தவன் பூராம் அதையே மொறைச்சுப் பாத்துட்டுப் போனாய்ங்க. நீங்க என்னடான்னா இடிஞ்ச செவத்தையே எடுத்துக்கிட்டு இருக்கீங்க?”

“இன்னும் ஒரு இருபது படம்தான்ப்பா” என்றேன்.